ஆறாம் கேட்டில் ஒரு அடைப்பு

நாற்பத்தோராயிரம் பேரை ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவைப்பதுதான் அவர் வேலை. அவர் வீடு திரும்பினால் கதவைத் திறந்துவிட ஆள் கிடையாது. இதை யாராவது சொல்லிக் காட்டினால் கோபம் வந்துவிடும். "சாவிதான் இருக்கே, அப்புறம் ஆள் எதுக்கு?" என்பார். பேச்சுக்கு என்ன குறைச்சல்!

நகரப் போக்குவரத்து ஆபீசில் அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். நகரத்தின் நட்டநடுவில் கட்டிய புதுக் கால்பந்து ஸ்டேடியத்துக்கு, மேட்ச் நாள் போக்குவரத்துத் திட்டம் போடும் பொறுப்பு இரண்டு வருடத்துக்கு முன் அவர் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, அவராகவே போய்த் தலையைக் கொடுத்தார். சுற்றிலும் குடியிருப்புகள், கடைகள், ஒரு ஆஸ்பத்திரி. கார் நிறுத்த ஒரு சாண் இடம் கிடையாது. வருகிற கூட்டம் மொத்தமும் மெட்ரோவிலும் பஸ்ஸிலும்தான் வந்து போக வேண்டும். வருவது பெரிய காரியமில்லை. மூன்று மணி நேரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வருவார்கள். போவதுதான் கண்டம். கடைசி விசில் ஊதிய மறு நிமிடம் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது.

கம்ப்யூட்டர் சொல்கிற கணக்கை அப்படியே நம்புகிற ரகமில்லை அவர். பத்து கேட்டுகளிலிருந்தும் மெட்ரோ ஸ்டேஷன் வரை தானே நடந்து பார்த்தார், கையில் ஸ்டாப்வாட்ச்சோடு. வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை. குழந்தையோடு வருகிறவர்கள் மெதுவாகத்தானே போவார்கள் என்று, பக்கத்து வீட்டில் பழைய தள்ளுவண்டியை இரவல் வாங்கி, பன்னிரண்டு கிலோ புத்தகங்களை அதில் படுக்க வைத்துப் போர்த்தித் தள்ளிக்கொண்டு போனார். எதிரே வந்த அம்மாள் ஒருத்தி குழந்தையைக் கொஞ்சலாம் என்று ஆசையாகக் குனிந்தாள். உள்ளே பார்த்தாள். பிறகு இவரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டென்று ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். இவர் அதையும் குறித்துக்கொண்டார்: வழியில் நின்றதால் எட்டு விநாடி நஷ்டம்.

ஒத்திகைக்காக ஒரு நாள் மூவாயிரம் பேரைத் திரட்டி ஸ்டேடியத்தை விட்டு வெளியே விட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆறாம் கேட்டுக்கு வெளியே ஒரு மனிதர், கழிப்பறைக்குப் போன மனைவிக்காக ஒரு பெஞ்சின் ஓரமாக நின்றார். அவரைச் சுற்றிப் போகப் பார்த்து நாலு பேர் தடுமாறினார்கள். 'இவர் ஏதோ காரணமாகத்தான் நிற்கிறார்' என்று இன்னும் நாலு பேர் நின்றார்கள். இரண்டு நிமிடத்தில் கேட் வாசல் வரை அடைத்துக்கொண்டது. ஸ்டாப்வாட்ச்சுக்கு ஞானம் பிறந்தது அன்றுதான். பெஞ்சுகளை எடுக்கச் சொன்னார். பூந்தொட்டிகளை எடுக்கச் சொன்னார். மஞ்சள் சட்டை போட்ட வழிகாட்டி ஆட்களைக் கூட்டி வைத்து ஒரே பாடம் நடத்தினார்.

"ஒரு ஆள் நின்னா ஒம்பது ஆள் நிப்பாங்க. யாரையும் நிக்க விடாதீங்க. அவ்வளவுதான், வேற எதுவும் நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்."

போக்குவரத்துப் போலீஸ் இன்ஸ்பெக்டர், விஷயம் தெரிந்த பெண்மணி, கையைத் தூக்கினார். "சார், ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருக்கணும்னா எங்க நிப்பாங்க?"

"எதுக்கு மேடம் காத்திருக்கணும்? எல்லாரும் ஒரே ஸ்டேஷனுக்குத்தானே போறாங்க. அங்க போய்ப் பாத்துக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்? இவரிடம் வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. மனைவி உட்பட.

மனைவி பிரிந்து போய் நாலு வருடம் ஆகிறது. அடிதடி, கூச்சல் என்று எதுவுமில்லை. வீட்டில் அவர் இருந்த நேரம் குறைவு. இருந்த நேரத்திலும் மனசு வேறெங்கோ இருந்தது, அவ்வளவுதான். மகளுக்குப் பதினைந்து வயது. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை அப்பாவிடம் வருவாள். அந்தச் சனிக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கே முகச்சவரம் செய்து, சட்டை மாற்றி, பால்கனியில் நின்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் பத்து மணி பஸ்ஸில்தான் வருவாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஊர் முழுக்கப் பஸ் நேரம் போடுகிறவருக்கு இது தெரியாதா! இருந்தும் நிற்பார். இடைப்பட்ட பதிமூன்று நாளும் அவர் வீட்டில் பேச்சுக்குரல் கேட்டால் அது டிவியாகத்தான் இருக்கும்.

இந்த வருடம் மனைவிக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. ரயிலில் எட்டு மணி நேரப் பயணம். அடுத்த மாதம் போயாக வேண்டும். மகள் அம்மாவோடு போவதா, இங்கேயே அப்பாவோடு தங்கிப் படிப்பதா?

"அவளே முடிவு பண்ணட்டும்," என்றாள் மனைவி போனில். "நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லி இழுக்காதீங்க."

"நான் ஏன் இழுக்கறேன்?" என்றார். சொன்னபடி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் வரைபடச் சுருள்களை அடைத்து வைத்திருந்த சின்ன அறையை அன்று சாயங்காலமே காலி செய்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தானே வெள்ளையடித்தார். மேஜை வாங்கினார், மேஜை விளக்கு வாங்கினார், கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார். பதினைந்து வயசுப் பெண்ணுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ! சாப்பிடும்போது தட்டோடு போய் அந்த அறைவாசலில் நின்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். ஆசை யாரை விட்டது?

முதல் மேட்ச்சுக்கு நாலு நாள் இருக்கும்போது மகள் போன் செய்தாள்.

"அப்பா, நான் யோசிச்சு முடிச்சிட்டேன். சனிக்கிழமை வந்து சொல்றேன்."

"இப்பவே சொல்லேன் குட்டி."

"நேர்லதான் சொல்வேன்."

"சனிக்கிழமை மேட்ச்சாச்சேம்மா. நான் மேல கன்ட்ரோல் ரூம்ல இருப்பேனே."

"தெரியும். எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக் குடுங்க. உங்க ஸ்டேடியத்த நானும் பாக்கறேன். முடிஞ்சதும் எங்கயாவது உக்காந்து பேசலாம்."

உங்க ஸ்டேடியம் என்றாளே, அதில் மனிதர் குளிர்ந்து போய்விட்டார். ஆறாம் கேட் பக்கம் நல்ல இடமாகப் பார்த்து ஒரு டிக்கெட் வாங்கினார். "மேட்ச் முடிஞ்சதும் கேட்டுக்கு வெளியில நில்லு. எங்கயும் போகாத. கால் மணி நேரத்துல வந்துடறேன்" என்றார். இதைச் சொன்னது யாருடைய வாய் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒத்திகையில் அந்த இடத்திலிருந்து பெஞ்சைப் பிடுங்கச் சொன்ன அதே வாய்தான். திட்டம் போடும்போது அவர் மனசில் நாற்பத்தோராயிரம் பேர் இருந்தார்கள். அதில் மகளும் ஒருத்தி என்று தோன்றவே இல்லை. அவள் மகள் அல்லவா, கூட்டத்தில் சேர்த்தி இல்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. கன்ட்ரோல் ரூம் கிழக்கு வரிசைக்கு மேலே, கண்ணாடி போட்ட நீள அறை. மைதானம் தெரியும், ஆனால் ஸ்டாப்வாட்ச் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். யார் கோல் போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குச் சத்தமாகத்தான் வந்து சேர்ந்தது. எதிர்ச் சுவரில் பெரிய திரை, அதில் ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள பாதைகளின் படம். கூட்டம் நகர்ந்தால் பச்சை, தேங்கினால் மஞ்சள், அடைத்துக்கொண்டால் சிவப்பு. கேமராப் படங்கள் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன. வேண்டுமென்றால் ஒன்றைத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

கடைசி விசில் ஊதியது. பத்து கேட்டும் திறந்தன. கடலைத் திறந்துவிட்ட மாதிரி ஜனம் வெளியே வந்தது. ரேடியோவை வாயருகே வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு பாதையாகப் பார்த்தார். ஐந்து நிமிடம், பச்சை. பத்து நிமிடம், பச்சை. தெற்கே பஸ்கள் வரிசை குலையாமல் நிரம்பிப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு வருட உழைப்பு கண்ணெதிரே ஓடுவதைப் பார்க்க அவருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. கால் மணி நேரம் ஆனது. இன்னும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம், குட்டிதானே, நிற்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

பத்தொன்பதாவது நிமிடம் ஆறாம் கேட்டுக்கு வெளியே ஒரு புள்ளி மஞ்சளானது.

"சார், ஆறுல யாரோ நின்னுட்டிருக்காங்க," என்றார் பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டர். "கேமராவப் பெருசு பண்ணிப் பாக்கட்டுமா?"

"பாத்து என்ன மேடம் பண்றது? நின்னா நகர்த்த வேண்டியதுதான்." ரேடியோவை அழுத்தினார். "ஆறாம் கேட்! அங்க நிக்கறது யாரா இருந்தாலும் நகர்த்துங்க. ஸ்டேஷன் பக்கம் அனுப்புங்க. எந்தக் காரணம் சொன்னாலும் நிக்க விடாதீங்க."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புள்ளி பச்சையானது.

நாற்பத்தேழாவது நிமிடம் கடைசிப் பஸ் நகர்ந்தது. அறையிலிருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். மேலதிகாரி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு வருடத்தில் அவரை இன்னொரு மனிதர் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயையோ, குட்டி!" என்று எழுந்தார். லிப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கி ஓடினார். ஓடிக்கொண்டே போன் செய்தார்; ஊர்ப்பட்ட ஜனமும் ஒரே நேரத்தில் பேசினால் போன் எங்கே கிடைக்கும்?

ஆறாம் கேட்டுக்கு வெளியே சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் கீழே கிடந்த காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் நிமிர்ந்து சிரித்தார்.

"சூப்பர் சார். ஒரு பிரச்சினையும் இல்ல."

"இங்க ஒரு பொண்ணு... தனியா நின்னிருக்கும், பதினஞ்சு வயசு..."

"ஆமா சார், அதே இடத்துல நின்னுட்டிருந்துச்சு. நானும் ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன். எங்கப்பா வருவாரு, எங்கயும் போகக் கூடாதுன்னு சொல்லிருக்காருன்னு பிடிவாதம். பாவமா இருந்துச்சு, சரி ஓரமா நிக்கட்டும்னு விட்டேன். அப்புறம்தான் நீங்களே ரேடியோல சொன்னீங்களே சார், யாரா இருந்தாலும் நகர்த்துங்கன்னு. உடனே கூட்டத்துல சேத்து அனுப்பிட்டேன்."

மஞ்சள் சட்டைக்காரர்மேல் என்ன தப்பு? சொன்னதைச் செய்தார். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி நுழைந்தால் திரும்ப வழியில்லை. பாதை ஸ்டேஷனுக்குள்தான் கொண்டு விடும், பிளாட்பாரம் வருகிற முதல் ரயிலில் ஏற்றி விடும். அப்படித்தான் அவர் போட்டிருந்தார். அது அப்படியே நடந்திருக்கிறது.

சுவரோரமாகப் போய் நின்றுகொண்டு மறுபடி மறுபடி போன் போட்டார். ஆறாவது தடவை மணி அடித்தது.

"குட்டி! எங்கம்மா இருக்க?"

"ரயில்ல இருக்கேன்பா. வீடு வரப்போகுது. இறங்கித் திரும்பி வரலாம்னு பாத்தேன், அந்தப் பக்க ரயில் இன்னும் விடலையாம்." அவள் குரலில் கோபமே இல்லை. "வாக்கி டாக்கில உங்க குரல் கேட்டுச்சுப்பா. எங்கப்பாதான் பேசறாருன்னு அந்த அண்ணாகிட்ட சொன்னேன். அவரு நம்பல."

"நீன்னு தெரியாதும்மா. திரையில ஒரு புள்ளிதான் தெரிஞ்சுது. சத்தியமா தெரியாது."

"தெரியும்பா. பரவால்ல."

"இரு, நான் அங்க வரேன். அரை மணி நேரத்துல வந்துடுவேன். உக்காந்து பேசலாம். நீ சொல்லணும்னு சொன்னியே..."



"நான் அம்மாகூடப் போறேன்பா."

அவர் சுவரில் சாய்ந்தார். "இன்னிக்கு நடந்ததுக்காகவா? அப்பா தப்புதாம்மா. இனிமே..."

"ஐயோ, அதுக்காக இல்லப்பா. போன வாரமே முடிவு பண்ணிட்டேன். அங்க வந்தா நான் நாள் பூரா தனியாதான் இருக்கணும், நீங்க வர ராத்திரியாயிடும். எனக்கு அது முடியாதுப்பா."

"ரூம் ரெடி பண்ணி வெச்சிருக்கேன்," என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம்; வந்துவிட்டது.

"தெரியும்பா, போன தடவை வந்தப்பவே பாத்தேன். அதான் போன்ல சொல்லல." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சொன்னா நீங்க அழுவீங்கன்னு தெரியும். வீட்ல வேற யாரும் கிடையாது. அந்த நேரத்துல நான் பக்கத்துல இருக்கணும்னுதான் அங்க நின்னேன்பா."

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்பா? என் ஸ்டேஷன் வந்துடுச்சு. அம்மா வெளியில நிக்கறாங்க. வைக்கட்டுமா? அழுறீங்களா?"

"இல்லம்மா. நான் ஏன் அழறேன்? வை. பாத்து இறங்கு."

வைத்துவிட்டாள். மகளுக்குத் தெரியாத அப்பாவா? சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஐம்பது வயதை நெருங்கும் மனிதர், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். மஞ்சள் சட்டைக்காரர் நாகரிகம் தெரிந்தவர். கண்ணில் படாத மாதிரி குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். ஆறாம் கேட்டில் வேறு யாரும் இல்லை.