பதினோரு ராத்திரித் தூக்கம்

குழந்தையின் கழுத்து மடிப்பில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்றிரண்டு இல்லை. பாயின் ஓரத்தில் புறப்பட்டு, தலையணைத் துணியில் ஏறி, தன்ஷிகாவின் தாடைக்குக் கீழே போய் முடிந்தது அந்த வரிசை. பால் கக்கியிருக்கும் என்றுதான் ரோஜா முதலில் நினைத்தாள். முந்தானையால் துடைத்தாள். துணியில் பாலின் வெள்ளை இல்லை. வெளிறிய ரோஸ் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது, அதில் நாலைந்து செத்த எறும்புகள். மடிப்பை விரித்துப் பார்த்தாள். தோல் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. இத்தனை எறும்பு கடித்தும் ஏழு மாதக் குழந்தை ஒரு தடவைகூட அழவில்லை. துடைக்கும்போதும் வாயை லேசாகத் திறந்துகொண்டு, தலை போன பக்கம் போக, தூங்கிக்கொண்டே இருந்தது.

அந்த ஒட்டலை மூக்கருகில் கொண்டுபோனாள். பழ மிட்டாய் வாசம்.

பதினோரு நாளாகத்தான் அந்த வீட்டில் தூக்கம் என்ற ஒன்று இருந்தது. அதற்கு முன்பெல்லாம் மணிக்கொரு தடவை அழுகை. போடியில் ஒரு காம்பவுண்டுக்குள் ஆறு வீடு, ஒவ்வொன்றும் ஒரே அறை. இந்தச் சுவரில் எறும்பு நடந்தால் அந்தச் சுவரில் கேட்கும். பக்கத்து வீட்டு யோகராஜ் சுவரைத் தட்டுவான். புருஷன் பால்ராஜ் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வான். அவனுக்குக் காலை நாலரைக்கு எழுந்தாக வேண்டும். ஏலத் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிற பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி, மேலே தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு நாள் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "நீ சமையல் சோலியப் பாரு புள்ள. இவள இனிமே நான் தூங்க வைக்கிறேன்." தோளில் போட்டுக்கொண்டு சந்துக்குள் நடந்தான். அரை மணி நேரத்தில் குழந்தை தூங்கித் திரும்பி வந்தது. விடியும்வரை அசையவில்லை.

ரோஜாவுக்கு அன்று அழுகையே வந்துவிட்டது. எத்தனை ஆம்பளைகள் இப்படிச் செய்வார்கள்? அவள் காய் பொறுக்கப் போகும் ஏலக்காய்க் கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். குழந்தையைத் தூளியில் போட்டுக்கொண்டு அங்கேதான் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள். பச்சைக் காயும் வெளுத்த காயும் பிரிக்கிற கையோடு, "பிள்ளைக்குச் சாயங்காலம் வெந்நி ஊத்தணும்க்கா, அப்புறம் சன்னல அடைச்சிரணும், அவ்வளவுதான்" என்று மற்றவர்களுக்கு யோசனை வேறு சொன்னாள். ஒருத்தி தூளியை எட்டிப் பார்த்து, "பகல்லயும்ல தூங்குது ஒன் பிள்ள" என்றாள். ரோஜா அதற்குச் சிரித்தாள்.

இப்போது பால்ராஜின் துணிகளை ஒவ்வொன்றாக உதறினாள். நேற்றுப் போட்ட காக்கிச் சட்டையின் உள்பையில் இருந்தது. சின்ன பாட்டில், பாதிக்கு மேல் காலி, கூடவே சொட்டு விடுகிற, ரப்பர் முனையுள்ள ஒரு பில்லர். மூடியைச் சுற்றி மருந்து வழிந்து காய்ந்து, அதில் பீடித்தூளும் சட்டை நூலும் ஒட்டியிருந்தன. அந்தப் பில்லரா என் பிள்ளை வாய்க்குள் போனது? விரல் நுனியில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். முதலில் தித்திப்பு, பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு. முற்றத்துக்கு ஓடிப் போய்த் துப்பினாள். துப்பத் துப்பக் கசப்பு போகவில்லை.

சுகாதார நிலையத்தில் நர்சம்மா தமிழ்செல்வி தடுப்பூசிப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். ரோஜா பாட்டிலை மேசையில் வைத்ததும் பேரைப் படித்தாள். படித்துவிட்டுக் குழந்தையின் பாதத்தைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். மூன்றாவது தடவை காலை இழுத்துக்கொண்டு குழந்தை முனகியது.

"எத்தன நாளா?"

"பதினொண்ணு இருக்கும்க்கா."

"எவ்வளவு குடுத்தீக?"

"தெரியலக்கா. நான் குடுக்கல. அவரு..."

"இது சளி மருந்தும்மா. கைப்பிள்ளைக்குத் தரவே கூடாது. தூக்கத்துலயே மூச்சு நின்னுரும். தெரியுமா ஒனக்கு?" தமிழ்செல்வி பாட்டிலைத் தொட்ட விரல்களைப் பஞ்சில் துடைத்தாள். "அம்மாக்காரிக்குத் தெரியாமலா நடந்துச்சு?"

ரோஜா குழந்தையின் கழுத்துத் துணியைச் சரிசெய்தாள். பதில் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பால் கொடுக்கும்போதே குழந்தையின் வாயில் அந்தப் பழ மிட்டாய் வாசம் அடித்தது. என்ன வாசம் என்று ஒரு நொடி யோசித்தாள். கேட்டால் ஏதாவது தெரிந்துவிடும் என்பதுபோல் அந்த யோசனையை அப்படியே விட்டாள். அன்று ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தவள் ஆறு மணிக்குத்தான் எழுந்தாள். உடம்பு பஞ்சாக இருந்தது. அந்த சுகத்தை நினைக்க நினைக்க, அடுத்தவர் எச்சில் சோற்றை ரசித்துச் சாப்பிட்டதுபோல் இப்போது அவளுக்குத் தன் உடம்பே குமட்டியது.

தமிழ்செல்வி அனுப்பிவைத்த ஆஸ்பத்திரியில் டாக்டர் சாயங்காலம்வரை குழந்தையை வைத்துப் பார்த்தார். மூன்று மணிக்கு அது நன்றாகக் கண்விழித்து, பாலுக்கு அழுதது. பயமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வெளியே வந்தபோது, வேலை முடிந்து அங்கேயே தேடி வந்திருந்த தமிழ்செல்வி, கோபம் ஆறிய குரலில் சொன்னாள்: "ராத்திரி பூரா முழிக்காமத் தூங்கணும்னு யாரு சொன்னா? இந்த வயசுல ரெண்டு தடவ முழிச்சாலும் நல்ல பிள்ளதான். பகல்ல வெளிச்சத்துல போட்டு வெளையாட விடு. ஏழு மணிக்கு லைட்ட அமத்து, செல்போன அமத்து. ஒடம்பத் தொடச்சு, பால் குடுத்து, கண்ணு சொக்கும்போதே பாயில போட்டுரு. சிணுங்குனா ஒடனே தூக்காத, தட்டிக் குடு. வீறிட்டு அழுதா தூக்கு. தெனமும் இதே மாதிரி. பத்து நாளாவது ஆகும்."

வீட்டுக்கு வந்தபோது சந்து முனையில் பால்ராஜ் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். வளைவுகளில் யாரோ வாந்தி எடுத்திருந்தார்கள். கதவின் வெளிப்பக்கம் முழுக்கக் காய்ந்து வழிந்திருந்தது. தேங்காய் நாரால் தேய்த்தான். அதே ஜீப்பில் இரண்டு வருஷம் காயெடுக்கப் போனவள்தான் ரோஜா. அந்த நாற்றம் அவளுக்குப் புதிதில்லை. இன்று அது அவனிடமிருந்தே வருவதாகத் தோன்றியது. பாட்டிலை பானெட் மேல் வைத்தாள்.

பால்ராஜ் அதைப் பார்த்தான். நாரைத் தண்ணீருக்குள் போட்டான்.

"சளி மருந்துதான. வெசமா குடுத்தேன்?"

"இன்னைக்குப் பூரா ஆஸ்பத்திரியில கெடந்துச்சு."

அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. குழந்தையைத் தொடக் கையை நீட்டினான். சோப்பு நுரையும் வாந்தியும் ஒட்டிய கை. ரோஜா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"தொடாதீக."

"ரோஜா, நான் சொல்றதக் கேளு. பன்னெண்டு நாளைக்கு முந்தி எட்டாவது வளைவுல கண்ணு சொருகிருச்சு. வண்டி ஓரக் கல்லுல போயி ஒரசிருச்சு. பின்னாடி பதினாலு பொம்பளைக. வேலுத்தாய் அத்தை என் தோள்ல ஓங்கி அடிச்சு முழிக்க வச்சுச்சு. இன்னும் ஒரு சாண் போயிருந்தா பள்ளம். ஒன்கிட்டச் சொன்னா நீ பயப்படுவன்னு சொல்லல." அவன் குரல் இறங்கியது. "மேல தோட்டத்து லயத்து வீட்டுல எங்கள எல்லாம் எப்படி வளத்தாகன்னு நெனைக்கிற? எங்கம்மா வேலைக்குப் போகணும்ல. பிராந்தியில துணிய நனைச்சு வாயில வச்சுட்டுப் போகும். நான் செத்தா போனேன்?"

அந்தப் பதினாலு பேரில் பாதிப் பேரை ரோஜாவுக்குத் தெரியும். ஒருத்தியின் மடியில் தலைவைத்து அவளே மலை ஏறியிருக்கிறாள், மசக்கையாக இருந்தபோது. அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அது அவளுடைய அருவருப்பைக் குறைக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு சந்துக்குள் அவன் நடந்த அந்த நடை, குழந்தையின் முதுகைத் தடவிய அந்தக் கை, அதைப் பார்த்து உருகிப் போய் அவனுக்கு அவள் கூடுதலாக ஒரு முட்டை பொரித்துப் போட்டது, எல்லாவற்றின் மேலும் அந்த ரோஸ் நிறப் பிசுக்கு வழிந்து கிடந்தது.

"நீங்க ஜீப்புலயே படுத்துக்கங்க" என்றாள். "ஒங்களுக்கும் தூக்கம் வேணும். அந்தப் பொம்பளைக நல்லாருக்கணும். பிள்ளைய நான் பாத்துக்கிறேன்."

கல்யாணமானதிலிருந்து அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அன்று அந்தச் சொல் வரவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் ஜீப்பின் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்தான். பாட்டிலில் மிச்சமிருந்ததைச் சாக்கடையில் அவனே ஊற்றினான். அதை அவள் பார்க்க வேண்டும் என்று நின்று நிதானமாக ஊற்றினான். அவள் பார்த்தாள், பிறகு உள்ளே போனாள்.

மருந்தில்லாத முதல் ராத்திரி ஒன்பது தடவை அழுகை. யோகராஜ் சுவரைத் தட்டியபோது ரோஜா கதவைத் திறந்துகொண்டு போய் அவன் வாசலில் நின்று, "பிள்ள அழத்தாண்ணே செய்யும். அழட்டும்" என்றாள். அவளுடைய குரலுக்கு அவளே பயந்தாள். பிறகு அவன் தட்டவில்லை. தினமும் ஏழு மணிக்கு விளக்கை அணைத்தாள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, கழுத்து மடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, பால் கொடுத்து, கண் சொக்கும்போதே பாயில் கிடத்தி, பக்கத்தில் படுத்து முதுகைத் தட்டினாள். தட்டித் தட்டி மணிக்கட்டு மரத்துப் போனது. சில நேரம் குழந்தை சட்டென்று அமைதியாகிவிடும். அப்போது அவளுக்குத்தான் தூக்கம் போகும். மூக்கின் முன்னால் புறங்கையை வைத்து மூச்சு படுகிறதா என்று பார்ப்பாள். ஏலக்காய்க் கடையில் பச்சைக் காயில் வெளுத்ததைப் போட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினாள். வெந்நீர் யோசனையைக் கேட்டுப் போனவளைக் கூப்பிட்டு, "நான் சொன்னது பொய்க்கா" என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல முடியாமல் எழுந்து போய் முகம் கழுவினாள்.

ஆறாம் நாள் அழுகை நாலாகக் குறைந்தது. எட்டாம் நாள் இரண்டு. பத்தாம் நாள் மறுபடி கூடியது. விடியும் முன்னே குழந்தை வீறிட்டுக்கொண்டு எழுந்தது. பால் வேண்டாம், தட்டல் வேண்டாம், எதுவும் வேண்டாம். முஷ்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டு, எச்சில் வழிய, முகம் சிவந்து கத்தியது. ரோஜா விளக்கைப் போட்டு மடியில் மல்லாத்தினாள். சாத்தியிருந்த கதவு மெல்லத் திறந்தது. தண்ணீர் பாட்டில் நிரப்ப வந்த பால்ராஜ் படிக்கு வெளியே செருப்போடு நின்றான். இந்தப் பத்து நாளில் அவனுக்குக் கண்ணின் சிவப்பு மறைந்திருந்தது.

"என்ன செய்யுது பிள்ளைக்கு?" என்றான். உள்ளே வரலாமா என்று கேட்பது போலிருந்தது.

ரோஜா எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஆள்காட்டி விரலைக் குழந்தையின் வாய்க்குள் விட்டு ஈறைத் தடவினாள். கீழ் ஈறின் நடுவில் அரிசி முனை அளவுக்கு ஏதோ கூர்மையாக நெருடியது. குழந்தை அழுகையை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு அந்த விரலை இறுக்கிக் கடித்தது. வலித்தது. அவள் விரலை எடுக்கவில்லை. வாசலில் அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். சந்து முனையில் பெண்கள் தூக்குச்சட்டிகளோடு வந்து ஜீப்பைச் சுற்றி நிற்கும் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.