கிரகணத்தில் வெளியே வந்தவள்

…வரட்டும், மகள்காரி வயிற்றுப்பிள்ளையோடு வந்து நிற்கட்டும், அண்ணாந்து ஒரே ஒரு தரம் பார்த்தால் போதும், அப்புறம் வடிவாம்பாள் மதினி ஆயுசுக்கும் அழுது தீர்க்கட்டும் என்று பல்லைக் கடித்தபடி செண்பகவல்லி லென்ஸ் மூடியைச் சட்டென்று கழற்றிச் சட்டென்று மூடினாள். ஒரே பிலிமில் நிலாவை வரிசையாக விழவைக்க வேண்டும், கொஞ்சம் கடிபட்ட நிலா, அதை அடுத்து இன்னும் கடிபட்ட நிலா, கேமராவின் மூன்று காலும் ஒரு நூல் அசையக் கூடாது, அண்ணன் கைலாசம் தென்காசியில் தன் ஸ்டுடியோ வாசலில் மாட்டுவதற்கு ஆசையாகக் கேட்ட படம். குற்றாலத்தில் படம் பிடிக்கப் போய்ப் பழக்கமான மெஹர் பானு அக்கா வீட்டு மொட்டைமாடியில் வைத்து எடுக்கிறேன், அங்கேதான் கிழக்கே மறைப்பில்லை என்று இவள் சொன்னதை அண்ணன் பாவம், நம்பிவிட்டான். அந்த மாடிக்கும் பக்கத்திலிருக்கிற வடிவாம்பாள் வீட்டு மாடிக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர்தான் என்பது அவனுக்கு எங்கே தெரியும்?

தெரிந்தால் விட்டிருக்க மாட்டான், ஆனதை மறந்துவிடு என்பான், எதை மறப்பது… வடிவாம்பாள் தாலி கட்டினவனின் அக்கா, கல்யாணமான புதிதில் வாய் நிறையச் செண்பகம் செண்பகம் என்று கூப்பிட்டவள், மசக்கையை இவள் முதலில் சொன்னது அவளிடம்தான், புருஷனுக்குக்கூட அப்புறம்தான். அடுத்த பௌர்ணமியில் இதே மாதிரி முழுக் கிரகணம், வீடே கதவடைத்துக் கிடக்கிறது, தொழுவத்தில் கன்று கத்துகிறது, வடிவாம்பாள் வந்து தோளை உலுக்கினாள், "ஏட்டி, கன்னு அத்துக்கிட்டு ஓடுது, போய்ப் பிடிச்சுக் கெட்டு." போனாள், புதுப்பெண் மாட்டேன் என்று சொல்ல முடியுமா, கட்டிவிட்டு வந்து படுத்தாள், அவ்வளவுதான். உலகம்மை பிறந்தாள், மேலுதடு மூக்கு வரை பிளந்து, புகட்டின பாலெல்லாம் மூக்கு வழியே வர, மூளிப் பிள்ளை மூளிப் பிள்ளை என்று எல்லோரும் கூடி நின்றபோது, "நானா போகச் சொன்னேன்? அவளாப் போயி மானத்து நிலாவப் பாத்துக்கிட்டு நின்னா" என்று வாய் கூசாமல் சொன்னாளே, பச்சை உடம்புக்காரியை எதிரில் வைத்துக்கொண்டு. புருஷன் அக்காவின் முகத்தைப் பார்த்தான், இவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையோடு தென்காசிக்கு அனுப்பினவன்தான், ஏழு வருஷம், இந்த ஐம்பத்தேழு ஐப்பசி வரைக்கும் எட்டிப்பார்க்கவில்லை. அண்ணனின் இருட்டறையில் பிலிம் கழுவப் பழகி, வீடு தேடிப் போய்ப் பெண்களைப் படம் பிடிக்கிறவளாகி, போன இடத்திலெல்லாம் கேட்டவர்களிடம், நிலாவுக்கும் உதட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, டாக்டரம்மாவே சொன்னாள் என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டதுதான் மிச்சம், யார் நம்பினார்கள்?

போன வாரம் வடிவாம்பாளே ஆள் அனுப்பினாள். மகள் இராமலட்சுமிக்கு வளைகாப்பாம், பூ தைத்த சடை நிலைக்கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிறுத்திப் படம் பிடிக்கணுமாம், ஆண்பிள்ளை முன்னால் அவள் நிற்க மாட்டாளாம். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் இவளைக் கூப்பிடத் தோன்றும்… போனாள், ஏன் போகாமல், கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும், தலைகீழாகத் தொங்கின அந்தப் பெண்ணையும் அவள் வயிற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பெண் வேறு தானாகக் கிட்டே வந்து, "அத்தை, பௌர்ணமிக்குக் கிரகணமாமே, பாத்தா என்ன செய்யும்? அம்மை என்னைய ரூமுக்குள்ள போட்டு அடைச்சிருவா" என்று காதோடு கேட்டாள். "ஒண்ணும் செய்யாதுட்டி, எல்லாம் பொய். நான் பக்கத்து மாடியிலதான் நிப்பேன், நிலா செவந்ததும் வா, காட்டுதேன்." எவ்வளவு தித்திப்பாகச் சொன்னாள், தனக்கு இப்படியும் வருமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

மழை விட்டு வானம் வெறித்திருந்தது. கோயிலில் அன்னாபிஷேகத்தை நேரத்தோடு முடித்து நடை சாத்தியாகிவிட்டது, சனம் கிரகணம் விட்டதும் அருவியில் முழுகக் காத்துக் கிடக்கிறது, பக்கத்து வீட்டில் விளக்குகூட இல்லை, வடிவாம்பாளின் நமச்சிவாய மட்டும் ஒரே சீராகக் கேட்கிறது, செபி தாயே, நன்றாகச் செபி… நிலாவின் கடைசி வெள்ளை ஓரமும் அணைந்து, புளி போட்டு விளக்காத செம்புப் பானை மாதிரி சிவந்து மங்கி நின்றது. இனிமேல் சட்டென்று மூடுகிற வேலை இல்லை, மூடியைக் கழற்றிவிட்டு மூச்சைப் பிடித்து எண்ண வேண்டும், குறைந்தால் பிலிமில் ஒன்றும் விழாது, கூடினால் நிலா நகர்ந்து இழுபட்டுப் போகும். கழற்றினாள், எண்ணத் தொடங்கினாள், வடிவாம்பாளின் பேரப்பிள்ளையும் மூக்கு வரை பிளந்து பிறக்கட்டும், பஞ்சைப் பாலில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிழியட்டும், கூட்டத்தில் முன்னால் போய் நின்று, யார் வெளிய போகச் சொன்னா மதினி என்று கேட்பேன், அப்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும், அந்த முகத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால்கூட… எண்ணிக்கை எங்கேயோ தப்பிவிட்டது.

"அத்தை."

அடுத்த வீட்டு மாடிப்படிக் கதவு திறந்திருந்தது, இராமலட்சுமி முக்காடு போட்டுக்கொண்டு கூரைக்குக் கீழே நின்றாள், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, படியேறின மூச்சு வாங்க. "அம்மை கண்ண மூடிக்கிட்டு இருக்கா, வந்துட்டேன். எங்கன இருக்கு?" ஓரடி எடுத்து வைத்தால் கூரை முடிந்துவிடும். அங்கன பாரு என்றால் தீர்ந்தது, இவ்வளவு நாள் காத்திருந்தது அதற்குத்தானே, வாயும் திறந்தது.

"ஏட்டி, உள்ள போ."

யார் சொன்னது, நானா, நான் ஏன் அதைச் சொல்கிறேன்… பெண் சிரித்துக்கொண்டே அடுத்த அடி எடுத்து வைக்க, செண்பகவல்லி கறுப்புத் துணியை உருவிக்கொண்டு சுவரைத் தாண்டினாள், கேமராவின் கால் தட்டிவிட்டது, நிலா எக்கேடும் கெடட்டும், பெண்ணைத் தலையோடு வயிற்றோடு சேர்த்துப் போர்த்தி, படிக்குள் தள்ளி, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். துணிக்குள்ளிருந்து, "நீங்கதான வரச் சொன்னீங்க, பொய்யின்னு சொன்னீங்கல்லா?"

"பொய்தான்."

"பின்ன ஏன் அத்தை மூடுதீங்க?"

கீழே நமச்சிவாய நின்றுவிட்டது, "மேல யாரு?" என்று வடிவாம்பாளின் குரல் வருகிறது, அவள் பார்த்தால் என்ன, பார்க்கட்டும், அதுவா இப்போது… உலகம்மையிடம் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள், மடியில் போட்டுத் தலைவாரிக்கொண்டே, ஒன் உதட்டுக்கும் அம்மைக்கும் நிலாவுக்கும் ஒண்ணும் இல்லட்டி என்று. அந்தப் பிள்ளை ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை, திரும்பி, அம்மை இதை நம்புகிறாளா என்று தேடுகிற மாதிரி இவள் கண்ணையே கொஞ்ச நேரம் பார்க்கும், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளும், வெட்கப்படுகிறது என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.