வெள்ளிக்காசில் ஓர் ஆணி

என் தம்பி திமோனின் வலது கையை வெட்டி, ரோமாபுரி மன்றத்து மேடையில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். கல்வென்தியஸ் என்ற பெரியமனிதர் தானியக் கிடங்கில் திருடியதைச் சுவரில் எழுதிய கை அது. மூன்றாம் நாள் தம்பி செத்துப்போனான். கை மட்டும் மேலும் ஒன்பது நாள் அங்கே இருந்தது. காசுக்கு அச்சு வெட்டும் நான் அந்த வழியாகத்தான் தினமும் காசுச்சாலைக்கு நடந்தேன்.

அடுத்த ஆண்டு கல்வென்தியஸே காசுச்சாலைக்கு அதிகாரியாக வந்தார். அவருக்குத் தேர்தலில் நிற்க வேண்டும். அதற்குள் அவர் பெயர் காசில் ஏறி ஊரெல்லாம் கைமாற வேண்டும்.

"டேய் நிகான், தெனாரியஸ் வெள்ளிக்காசுல ரெண்டு கை வெட்டு. ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கணும். ஒற்றுமைன்னா கல்வென்தியஸ்தான்னு ஜனம் நினைக்கணும்."

"யார் கை எசமான்?"

"யார் கையா இருந்தா என்னடா? கைதானே!"

அவர் மறந்துவிட்டிருந்தார்.

அச்சில் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். இடது கையாக வெட்டினால்தான் காசில் வலது கை விழும். தம்பியின் சுண்டுவிரல் சற்று வளைந்திருக்கும். அதையும் வெட்டினேன். ஒவ்வோர் அச்சுக்கும் அடையாளமாக ஒரு சின்னக் குறி போடுவது எங்கள் வழக்கம். சுத்தியல், இடுக்கி, தவளை, வெட்டுகிறவனுக்குத் தோன்றியது எதுவும். அதிகாரிகள் அதைப் பார்ப்பதே இல்லை. நான் ஆணி போட்டேன், மணிக்கட்டின் நடுவில். ஓர் அச்சில் குட்டை ஆணி, ஒன்றில் நீளம், ஒன்றில் வளைந்தது. பன்னிரண்டு அச்சு, பன்னிரண்டு ஆணி.

சுத்தியல் அடிக்கும் பம்பிலஸ் முதல் காசை உற்றுப் பார்த்தான்.

"பைத்தியமாடா உனக்கு? அவன் கண்ணுல பட்டா உன் கையும் மேடைக்குப் போயிடும்."

"அவன் தன் பேரை மட்டும்தான் பார்ப்பான்."

பம்பிலஸ் அடுத்த வெள்ளி வில்லையை அச்சில் வைத்தான். பிறகு சுத்தியலை ஓங்கினான்.

கல்வென்தியஸ் காசை வெளிச்சத்தில் பிடித்துத் தன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார். "பிரமாதம்டா" என்றார்.

காசுகள் படைவீரர்களின் சம்பளமாகப் போயின. அங்கிருந்து கறிக்கடைக்கும் குளிப்பு மண்டபத்துக்கும் போயின. தேர்தல் நாளில் அவர் வேட்பாளர்கள் அணியும் சுண்ணம் பூசிய வெள்ளை அங்கியில் வந்து நின்றார். வரிசையில் இருந்த கிழட்டு வீரன் ஒருவன் காசை உயர்த்திக் காட்டினான்.

"ஏய் கல்வென்தியஸ்! சுவத்துல எழுதினவன் கை இன்னும் ஆணியிலதான் தொங்குதா? கீழ இறக்கிட்டு வந்து ஓட்டுக் கேளுய்யா!"

சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. ஓட்டுப் போட்ட முப்பத்தைந்து குலங்களில் ஒன்றுகூட அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

மாலையில் கத்தியோடு காசுச்சாலைக்கு வந்தார். "நிகான், நிஜத்துல யாருடா நீ?"

"திமோனோட அண்ணன்."

என் வலது கையைப் பட்டறைக் கல்லின் மேல் வைத்தேன். வாசலில் ஜனம் கூடியிருந்தது. ஆளுக்கொரு காசு அவர்கள் கையில். அவர் வாசலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். வெட்டினால் காசு சொன்னது மெய் என்று அவரே சொன்னதாகிவிடும்.

கத்தியை ஓங்கினார், இறக்கவில்லை. நான் கையை எடுக்கவில்லை.