நீளவாட்டம், குறுக்குவாட்டம்

வலது கைப் பொத்தான் மட்டும் மாட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மிரேய் மூன்று தடவை முயன்றுவிட்டாள். அண்ணன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் ஒரு நொடி வேலை. அந்தக் கையைத் தொடத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை. சட்டைத் துணியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"தொடு மிரேய். உங்கண்ணன் ஒண்ணும் கடிச்சிட மாட்டாரு," என்றாள் அண்ணி சொலாஞ்ச்.

வேறு யார் காதிலாவது விழுந்தால், காலையில் புருஷனைப் பறிகொடுத்தவள் பேசுகிற பேச்சா இது என்று முகம் சுளிப்பார்கள். சொலாஞ்ச் அப்படித்தான். முப்பத்தாறு வருஷம் தியெரியோடு குடித்தனம் செய்தவள், அழுகையை எங்கே வைத்திருக்கிறாள் என்று ஒருத்தருக்கும் காட்டியதில்லை. காலையில் காப்பி குடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் ஜன்னல் கதவுகளைச் சாத்தப் போன தியெரி, இரண்டு கதவைச் சாத்தினான். மூன்றாவதுக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தான், அவ்வளவுதான். மேஜையில் அவன் தின்ற மிராபெல் பழக் கொட்டைகள் இன்னும் தட்டிலேயே கிடந்தன. டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நாலு மணிக்குச் சவப்பெட்டி வருகிறது.

பட்டறையிலிருந்து மிரேய் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள். சீட்டுக்கட்டு விளிம்புக்குப் பூசுகிற தங்கத் தூள் அவள் விரலெல்லாம் ஒட்டியிருந்தது. வெள்ளைச் சட்டையின் கைப்பட்டியில் அது கறையாக இறங்கிவிட்டது. பார்த்துவிட்டு, துடைத்து, இன்னும் அப்பிவிட்டாள்.

"விடு, கோட்டுக்குள்ள மறைஞ்சிடும். காப்பி போடறேன்," என்று சொலாஞ்ச் அடுக்களைக்குப் போனாள்.

மிரேய் தனியாக அண்ணனோடு இருந்தாள். காலடியில் அவளுடைய கைப்பை. அதற்குள் மூன்று வாரமாக ஒரு கடிதம்.

தாத்தா ஆரம்பித்த வோத்ரெல் சீட்டுக்கட்டு ஆலையில், அது மூடும்வரை, தியெரி இருபது வருஷம் விரலால் தொட்டே சீட்டைத் தரம் பிரித்தவன். பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். மிரேய் பாரிஸில் வாசனைத் திரவியம் விற்றாள். மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வந்து, குடும்பப் பெயரைத் திரும்ப வாங்கி, மொசெல் ஆற்றங்கரையில் அதே பட்டறையைத் திறந்தாள். தங்க விளிம்பு, தோல் பெட்டி, கையால் வரைந்த ராஜா ராணி. கிளாவர் ஜாக்கியின் காலடியில் செய்தவன் பெயரைப் போடுவது பழைய வழக்கம். அங்கே மறுபடியும் தாத்தாவின் பெயர். மார்ச் மாதம் நகர மன்றத்தில் விழா வைத்தபோது ஊரே வந்து நின்றது.

முதல் சீட்டுக்கட்டை அவள் அண்ணன் கையில்தான் கொடுத்தாள். அவன் படத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை வளைத்தான். ஒரு தடவை கலைத்தான், காதுக்குப் பக்கத்தில் வைத்து.

"மிரேய்," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "தாளோட நார் ஓட்டம் குறுக்கே போகுது. தாளைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்காங்க. வெயில் காலம் வரட்டும், வளைஞ்சது நிமிராது."

தாளைத் திருப்பிப் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவளே அவள்தான். திருப்பினால் ஒரு தாளுக்கு நாலு சீட்டு கூடுதலாக விழும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். அப்போதே மனசுக்குள் ஒரு முள். அந்த முள்ளை மறைக்கத்தான் அவ்வளவு சத்தமாகச் சிரித்தாள். மேயர் பக்கத்தில் நின்றார், கூட்டாளிகள் நின்றார்கள், பத்திரிகைக்காரி நின்றாள்.

"அண்ணே, உனக்குச் சர்க்கரை! விரல் மரத்துப் போச்சு, போய் டாக்டர்கிட்ட காட்டு. ஸ்டீரிங் பிடிச்ச கைக்குச் சீட்டைப் பத்தி என்ன தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். தியெரி தன் விரல்களைப் புரட்டிப் பார்த்தான்.

"இருக்கும்," என்றான். அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு அவன் வியாழக்கிழமைகளில் காப்பிக்கடைக்குப் பெலோத் சீட்டாட்டம் ஆடப் போகவில்லை. ஜூனில் பஸ் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். விரலில் உணர்ச்சி இல்லாதவன் நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகக் கூடாது என்றானாம். ஜூலை வெயிலில் மிரேயின் கிடங்கில் சீட்டெல்லாம் ஓடு மாதிரி வளைந்தது. தாள் ஆலைக்கு எழுதிக் கேட்டாள். பதில் நாலே வரியில் வந்தது: தாள் குறுக்குவாட்டில் வெட்டப்பட்டிருக்கிறது, எங்கள் குற்றம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள். அவன் ஒரு கூடை மிராபெல் பறித்து வைத்திருந்தான். "ஜாம் போடு, நீ இளைச்சுட்ட," என்றான். புதுத் தாளில் அடித்து முடிக்கட்டும், கூட்டாளிகள் காதுக்குப் போகாமல் இருக்கட்டும், அடுத்த ஞாயிறு சொல்வோம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரே ஒரு வாக்கியம். நீ சொன்னது சரிண்ணே. அதைச் சொல்ல வாய் வலித்ததா அவளுக்கு? அடி பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டி என்ன பயன்?

வாசலில் செருமல் சத்தம். இவோன் வந்திருந்தான், தியெரியின் பெலோத் ஜோடி. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உடல் பக்கத்தில் கிண்ணத்தில் வைத்திருந்த தீர்த்தத்தைப் பச்சைக் கொத்தால் தொட்டு அவன்மேல் தெளித்தான்.

"பாவி மனுஷன்," என்றான். "மூணு பேரை வச்சுக்கிட்டு நாங்க எப்படி ஆடறது? அஞ்சு மாசமா கூப்பிடறேன். கை போச்சு, கை போச்சுங்கறான்."

மிரேய் காலடிப் பையை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதே மிரேய், இன்னிக்குச் சொல்லக் கூடாது. உன் சீட்டுக்கட்டு வளைஞ்சு போச்சு. போன மாசம் இவன்கிட்ட வந்து சொன்னேன். கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளாத குறைதான். 'உன் கை வேர்வைடா அது! என் தங்கச்சி சீட்டுல குறை சொன்னா இந்தப் படி ஏறாதே'ன்னுட்டான். முப்பது வருஷச் சிநேகம். நானும் வீராப்பா ஏறவே இல்ல. இப்பத்தான் வர்றேன்."

அவன் உதடு கோணியது. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மிரேய் எழுந்தாள். பையைத் திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அடுக்களைக்குப் போனாள். நின்றால் போகமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணி, இதைப் படி."

சொலாஞ்ச் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். நாலு வரிதான், ஆனாலும் வெகுநேரம் படித்தாள். தேதியையும் பார்த்தாள்.

"மூணு வாரம்," என்றாள்.

"அண்ணன் கை நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி. எனக்கு அப்பவே சந்தேகம். எல்லார் முன்னாடியும் மானம் போயிடும்னு... நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. சொலாஞ்ச் அடுப்பை அணைத்தாள். துணியால் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு முக்காலியைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து ஒரு தட்டத்தை இறக்கி மேஜையில் வைத்தாள். மேலே மூடியிருந்த துணியை எடுத்தாள்.

அட்டைத் துண்டுகள். பிஸ்கட் டப்பா, மருந்து டப்பா, சோப்பு டப்பா. எல்லாம் சீட்டு அளவுக்கு வெட்டியவை, இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தவை.

"தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் இதான் வேலை. நான் வெட்டிக் கொடுப்பேன். பாதியில நார் நீளவாட்டம், பாதியில குறுக்குவாட்டம். அடியில நான் பென்சில்ல கோடு போட்டு வைப்பேன், நார் போற பக்கமா. உங்கண்ணன் கண்ணைக் கட்டிக்கிட்டு வளைச்சுப் பார்த்துப் பிரிப்பாரு. இடதுல நீளம், வலதுல குறுக்கு."

"தப்பு வருமா?"

"ஒரு நாளும் ஒரு துண்டுகூடத் தப்பா வந்ததில்ல. கை சரியாத்தான் இருக்குய்யான்னு கத்துவேன். சொன்னாக் கேட்டாத்தானே? 'டப்பா அட்டை வேற, சீட்டு வேற சொலாஞ்ச். நீ என் மனசைத் தேத்தப் பேசற. மிரேய் பொய் சொல்ல மாட்டா' அப்படின்னுவாரு." சொலாஞ்சின் குரல் அந்த இடத்தில் மட்டும் பிசிறியது. "இது நேத்துப் பிரிச்சது. நான் இன்னும் பார்க்கல."

மிரேய் உட்கார்ந்தாள். இடது குவியலில் முதல் துண்டை எடுத்துத் திருப்பினாள். நீளக் கோடு. அடுத்தது, நீளம். ஒரு துண்டாவது மாறியிருக்கட்டும், ஒன்றே ஒன்று போதும், நான் சொன்னதில் கடுகளவாவது உண்மை இருந்தது என்று ஆகட்டும். அவள் வேண்டிக்கொண்டாள். இப்படி ஒரு வேண்டுதலா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டாள். இடது குவியல் முடிந்தது. வலது குவியல், குறுக்கு, குறுக்கு, குறுக்கு. தொட்ட துண்டிலெல்லாம் தங்கத் தூள் ஒட்டியது. கடைசித் துண்டுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அதையும் பாத்துடு," என்றாள் சொலாஞ்ச்.

திருப்பினாள். கோடு குறுக்கேதான் போயிற்று. மிரேய் அதை அண்ணன் வைத்திருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"அந்தப் பொத்தானைப் போட்டியா?"

"இல்ல அண்ணி."

"போய்ப் போடு. கையைப் பிடிச்சுப் போடு."

வாசல் மணி அடித்தது. சொலாஞ்ச் கதவைத் திறக்கப் போனாள். மிரேய் உள் அறைக்குப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பொத்தான் ஒரே தடவையில் மாட்டியது.