பதநீர் பாட்டிலில் வந்த சாம்பிள்

பரளச்சி சங்கையா லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபது ஏக்கர் மானாவாரி நிலமும் பத்து வருஷச் சர்க்கரையும் உண்டு. வீம்புக்கு மட்டும் அளவே கிடையாது. இருபது நாளாகக் காய்ச்சல், நீர்க்கடுப்பு. எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. கிட்னியில் கல்லாகத்தான் இருக்கும், யூரின் டெஸ்ட் எடுத்துக்கொண்டு மதுரைக்கு ஆபரேஷனுக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாளையம்பட்டி லேபில் டெஸ்ட் பார்க்கும் முனீஸ்வரியிடம் அவர் நீட்டியது பதநீர் பாட்டில். டவுனில் கண்ட இடத்தில் ஒதுங்குவது மரியாதைக் குறைவாம்! வீட்டிலேயே பிடித்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். பாட்டிலை நன்றாகக் கழுவியதாகச் சத்தியம் வேறு.

முனீஸ்வரி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். அடேயப்பா, பூஞ்சை! மொட்டுவிட்டு மொட்டுவிட்டுக் கிடந்தது. ஆனால் அது மனுஷன் உடம்பில் உள்ளதா, பாட்டிலில் ஒட்டியதா? பதநீரைப் புளிக்க வைப்பதும் இதே ஜாதிதானே. ரிப்போர்ட்டைத் தப்பாக எழுதினால் பெரியவரின் கிட்னிக்கு யார் பதில் சொல்வது?

"இத வச்சு நான் எழுத மாட்டேன் ஐயா. இங்கனயே புதுசாக் குடுங்க."

சங்கையாவுக்கு வந்ததே கோபம்! நேற்றுப் பிறந்த பிள்ளை தனக்குச் சட்டம் சொல்வதா என்று லேப் அதிரக் கத்தினார். முதலாளி பால்ச்சாமிகூட, எழுதிக் கொடுத்து அனுப்பு என்று கண்ணைக் காட்டினார். அவள் அசைந்தால்தானே! புதுச் சாம்பிள் டப்பாவை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் முனகிக்கொண்டே வாங்கிப் போனார்.

புதுச் சாம்பிளிலும் உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. மொட்டுதான் சட்டென்று அகப்படவில்லை. பால்ச்சாமி எட்டிப் பார்த்துவிட்டு, ரத்த அணுதான், அப்படியென்றால் கல்லேதான் என்றார். முனீஸ்வரி அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டாள். ரத்த அணுவென்றால் கரைந்துபோகும். ஒன்றுகூடக் கரையவில்லை. விடாமல் தேடியதில் மொட்டும் இரண்டு மூன்று கண்ணில் பட்டது.

"பூஞ்சைதான் அண்ணாச்சி. இவுக உடம்புல உள்ளது."

டாக்டர் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டும் செய்து உறுதி செய்துகொண்டு, ஆபரேஷனை நிறுத்தி, பூஞ்சைக்கு மருந்து கொடுத்தார்.

மூன்றாம் வாரம் சங்கையா காய்ச்சல் விட்ட முகத்தோடு வந்தார். லேப் பெஞ்சு நிறைய ஆட்கள். ஊரில் எவரையும் வா, போ என்றே பேசிப் பழகிய மனிதர், முனீஸ்வரியைக் காட்டி அத்தனை பேரிடமும் சொன்னார்:

"என் வியாதியக் கண்டுபிடிச்சது அவுகதான். அவுக எதக் கேட்டாலும் மறுபேச்சு பேசாமக் குடுங்க."

இருபத்துமூன்று வயது முனீஸ்வரியை 'அவுக' என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். பெருமை பொங்கிக்கொண்டு வந்தது அவளுக்கு. சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.