நீல போர்ட்

குளிர்பெட்டியின் பிளக்கில் ஸ்டுடியோ முதலாளி கை வைத்ததைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

"அதத் தொடாதீங்க."

"கொஞ்ச நேரம்தாம்மா. லேப்டாப்ல சார்ஜே நிக்கல. பெட்டி மூடித்தானே இருக்கு, உள்ள சில்லுன்னுதான் இருக்கும்."

பெட்டிக்குள் அப்பா இருந்தார். நேற்று விடியற்காலை ஒரு கல்யாணத்தைப் படம் பிடித்துவிட்டு வந்து, வீடியோவை லேப்டாப்பில் ஏற்றி முடித்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தவர். எழுந்திருக்கவில்லை.

"கைய எடுங்கன்னு சொன்னேன்."

"ஏய், சார்கிட்ட என்னடி பேச்சு இது?" என்று பெட்டியில் சாய்ந்திருந்த அம்மா அதட்டினாள். "அவரு அவசரம் அவருக்கு."

அவர் அவசரம் இதுதான். சாயந்தரம் வரவேற்பு. மணமக்கள் வீட்டார் கல்யாண வீடியோவைத் திரையில் போடச் சொல்லியிருந்தார்கள். அது இருந்தது இந்த லேப்டாப்பில் மட்டும். முதலாளி கையில் மாலை இல்லை. ஹார்ட் டிஸ்க் இருந்தது.

"அப்ப லேப்டாப்பக் குடும்மா. ஸ்டுடியோவுல வெச்சு ஏத்திட்டு நாளைக்கே தந்துடறேன்."

"அது உங்க ஸ்டுடியோ லேப்டாப் இல்ல சார். என்னோடது. நான் டிகிரி முடிச்சதே அதுலதான். வாசப்படி தாண்டாது."

தகராறு வேண்டாமென்று சித்தப்பா சமையலறையிலிருந்து கரண்ட் ஒயரை இழுத்துவந்தார். பிளாஸ்டிக் ஸ்டூலில் லேப்டாப் ஏறியது. அதன் வலது பக்கத்தில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கார்டு துருத்திக்கொண்டிருந்தது. கார்டின் முகப்பில் ஒயர் செருக இரண்டு நீல போர்ட்.

லேப்டாப்போடு வந்த பழைய போர்ட்டுகள் ஆமை வேகம். இரவெல்லாம் கேமராவோடு நின்றுவிட்டு வரும் அப்பா, வீடியோ ஹார்ட் டிஸ்க்கில் ஏறும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். டிஸ்க் ஒயர் ஆடினால் மறுபடி முதலிலிருந்து. ஸ்டுடியோ செலவில் வேறு லேப்டாப் கேட்டபோது, "ஓடுற வண்டிய எதுக்குய்யா மாத்தணும்? உன்ன மாதிரிதான். பழசு, ஆனா ஓடுதுல்ல?" என்று முதலாளி சிரித்தாராம். அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னார். அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அப்பாவே அந்தக் கார்டை வாங்கிவந்தார். பக்கவாட்டில் சும்மா கிடந்த பொந்தில் அவர் செருக, அவள் அதற்கான டிரைவர் சாஃப்ட்வேரைத் தேடி ஏற்றினாள். மூன்று மணி நேர வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார் மனுஷன்.

"இனிமே தூங்கலாம்டி."

கொஞ்ச நாள் தூங்கினார். விஷயம் முதலாளி காதுக்குப் போனது.

"சீக்கிரம் முடியுதுல்ல? அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு கல்யாணம் பாத்துருய்யா."

இப்போது முதலாளி முதுகைத் திருப்பிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு ஸ்டாஃப் தவறிட்டாரு சார், அதான் லேட்டு. இல்ல இல்ல, வீடியோவுக்கு ஒண்ணும் ஆகல."

டிஸ்க்கை நீல போர்ட்டுக்குக் கொண்டுபோன அவள் கை நின்றது. கார்டை ஒரு அழுத்து அழுத்தினாள். ஸ்பிரிங் தள்ள, அது வெளியே வந்தது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். சார்ஜர் பையில் அப்பா பத்திரப்படுத்தியிருந்த பிளாஸ்டிக் மூடியால் பொந்தை அடைத்தாள். டிஸ்க்கைப் பழைய போர்ட்டில் செருகினாள்.

முதலாளி திரும்பித் திரையைப் பார்த்தார்.

"என்னது, மூணு மணி நேரமா? உங்கப்பா ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவாரே!"

"அவரு முடிச்சிடுவாரு."

"வேற வழி ஏதும் இல்லியா?"

"உக்காருங்க. ஒயரு லூஸு, புடிச்சுக்கங்க. ஆடுனா மொதல்லேருந்து ஏத்தணும்."

உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒயரைப் பிடித்தபடி திரையைப் பார்த்தார். திரையை விட்டால் எதிரே பெட்டிதான். திரையையே பார்த்தார். எவ்வளவு நேரம்தான் பார்க்க முடியும்? மெல்லப் பார்வை பெட்டியின் கண்ணாடி மூடிக்குப் போனது. சட்டென்று திரைக்கு வந்தது.

எதிர்வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "கூட வேல பாத்தோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அது கத்தலில் போய்த்தான் நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்பாவைத் தூக்க வேண்டிய நேரம் வந்தபோது, வீடியோ ஏறும் அளவைக் காட்டும் பச்சைக் கோடு திரையில் பாதியைத் தாண்டியிருந்தது. சித்தப்பா குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

"சார், தலப்பக்கம் ஒரு ஆள் கொறையுது. கொஞ்சம் வாங்க."

முதலாளி அவளைப் பார்த்தார். "நான் எந்திரிச்சா ஒயரு..."

"நான் பாத்துக்கறேன்."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். குனிந்தார். தோள் கொடுத்தார். கனம் இறங்கியதும் கால் ஒரு தரம் தடுமாறியது. வாசல் தாண்டும்போது பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. இரண்டு கையும் மேலே இருந்தன. நிறுத்த முடியவில்லை. தெருமுனைவரை அது அடித்துக்கொண்டே போனது.

அம்மாவைப் பெண்கள் உள்ளே கூட்டிப்போனார்கள். பெட்டியின் உறுமல் நின்ற கூடத்தில் லேப்டாப்பின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

கையை விரித்தாள். உள்ளங்கையில் கார்டின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. திரையில் கல்யாணக் கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அவள் ஸ்டூல் பக்கத்தில் குந்தி, ஒயரை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.