மாப்பிள்ளைக்கு ஈரல், எனக்கு ஏச்சு

என் வீட்டுக்காரர் நாய்களைப் பழக்குகிறவர். அடிக்காமல், மிரட்டாமல், சங்கிலியைச் சுண்டி இழுக்காமல், அன்பாலேயே பழக்குகிறவர். அவருடைய பயிற்சிப் பள்ளி வாசலில் "இங்கே குரல் உயராது" என்று பலகை தொங்குகிறது. அதை மாட்டிய அன்று, ஆணி எடுத்துத் தரத் தாமதமானதற்கு அவர் என்னைத் திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது.

முறை எளிதுதான். கையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. நாய் சரியாக ஒன்றைச் செய்த நொடியில் அதை அமுக்கினால் 'டிக்' என்று சத்தம் வரும். கூடவே நாயின் வாய்க்கு ஒரு துண்டு ஈரல். தப்புச் செய்தால் திட்டக் கூடாது, கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டும். "தப்ப விட்டுடுங்க, நல்லதப் பாராட்டுங்க. அது உங்களுக்காக உயிரையே குடுக்கும்" என்று அவர் சொல்லும்போது, நாயோடு வந்த பெண்கள் சிலர் கண் கலங்குவார்கள். பின்வரிசையில் நின்று நானும் கலங்கியிருக்கிறேன், வேறு காரணத்துக்காக.

அந்த ஈரலை வேகவைத்து, பட்டாணி அளவுக்கு நறுக்கி, அனலில் உலர்த்திக் கொடுப்பது நான். எந்த சோப்பு போட்டாலும் என் கையில் ஈரல்தான் மணக்கும். "நல்லா நறுக்கியிருக்கே" என்று ஒரு வார்த்தை? மூச். கொஞ்சம் பெரிதாக இருந்தால், "யானைக்கா போடப் போறேன்?" பொடியாக இருந்தால், "எறும்புக்கா?"

எங்கள் வீட்டு நாய்க்கு மாப்பிள்ளை என்று பெயர். அதற்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்து நான் வைத்த பெயர். அவர் என் மேல் எரிந்து விழும்போதெல்லாம் அது நடுங்கிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒண்டிக்கொள்ளும். எனக்குத்தான் தலையெழுத்து, அந்த வாயில்லா ஜீவனுக்கு என்ன வந்தது? ஒரு துண்டு ஈரலைக் காட்டி வெளியே வரவழைத்துத் தடவிக் கொடுப்பேன். நாளடைவில் நடுக்கம் நின்றது. அவர் குரல் உயர்ந்தால் போதும், மாப்பிள்ளை வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து, என் எதிரே உட்கார்ந்து, முன்னங்காலை என் முழங்காலில் வைத்துக் கையையே பார்க்கும். கத்துகிற மும்முரத்தில் அவர் இதைக் கவனித்ததேயில்லை. என்னைத்தான் எப்போது கவனித்தார்?

இதற்கிடையில் பக்கத்துத் தெருவில் ஒருவன் பிரம்போடு பழக்குகிற பள்ளி திறந்தான். எந்த நாயையும் சீக்கிரமே அடக்கித் தருவதாகச் சொன்னான். எங்களிடம் வந்த கூட்டம் அங்கே போய்விட்டது. பயிற்சியாளர் சங்கத்தின் சான்றிதழ் கிடைத்தால் பள்ளி பிழைக்கும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். சங்கத்திலிருந்து சோதிக்க ஓர் அம்மா வந்தார். மாப்பிள்ளை மைதானத்தின் நடுவில் படுக்க வேண்டும்; என்ன நடந்தாலும், கூப்பிடுகிற வரை எழுந்திருக்கக் கூடாது.

பந்தை உருட்டினார்கள். எழவில்லை. கூண்டில் ஒரு பூனையை மூக்கருகே கொண்டுபோனார்கள். எழவில்லை. தகரத்தைத் தட்டினார்கள். காதுகூட அசையவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. அப்போது பார்த்து என் வீட்டுக்காரர் ஈரல் வைத்திருந்த தன் இடுப்புப் பையைத் திறந்தார். துண்டுகள் பெரிதாக இருந்தன போலும்.

"அறிவிருக்கா உனக்கு? ஒரு வேலையாவது உருப்படியா செய்யத் தெரியுதா?"

மாப்பிள்ளை துள்ளி எழுந்தது. நேராக என்னிடம் ஓடி வந்து, உட்கார்ந்து, முழங்காலில் காலை வைத்தது. பழக்க தோஷம், என் கையும் தானாக மடியிலிருந்த ஈரலை எடுத்து நீட்டியது.

"எழுந்து வரச் சொல்லி யாரு சைகை காட்டினது?" என்றார் அந்த அம்மா.

"யாரும் காட்டலைங்க." என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"சும்மா எழுந்து வராது. நீங்க ஏதோ சொன்னீங்களே, அதத் திரும்பச் சொல்லுங்க."

மாப்பிள்ளையை மறுபடி நடுவில் படுக்க வைத்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, தேன் ஒழுக, "அறிவிருக்காம்மா உனக்கு?" என்றார். மாப்பிள்ளை படுத்தே கிடந்தது.

"அப்படி இல்ல. முதல்ல சொன்ன மாதிரியே."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கத்தினார். மாப்பிள்ளை ஓடி வந்தது.

"இத யாரு பழக்கினது?"

"ரெண்டு பேருந்தாங்க" என்றேன். "சத்தம் அவரோடது, ஈரல் என்னோடது."

யாரும் சிரிக்கவில்லை.

அந்த அம்மா தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு அவரிடம் சொன்னார்: "மத்த எல்லாத்துலயும் தேறிடுச்சு, சான்றிதழ் தரேன். ஆனா சொல்லாம கொள்ளாம வருவேன். சத்தம் கேட்டு இது எழுந்தா, திரும்ப வாங்கிக்குவேன். இது அத மறக்கணும்னா, வீட்ல சத்தமே இருக்கக் கூடாது."

அன்றைய சாப்பாட்டில் உப்பு இல்லை. அவர் வாயைத் திறந்தார். மாப்பிள்ளை காதை நிமிர்த்தியது. அவர் வாயை மூடிக்கொண்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "சாப்பாடு... நல்லாருக்கு" என்றார். சான்றிதழுக்காகச் சொன்னது என்று தெரியும். தெரிந்தும் மனசு குளிர்ந்துபோனது. வெட்கம் கெட்டவள், மறுநாள் ஈரலை அத்தனை அழகாக நறுக்கினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, அவர் என்னைப் பார்த்து "ஏய்!" என்று ஓர் அதட்டல் போட்டார். மாப்பிள்ளை வந்து காலைத் தூக்கி வைத்தது.

"இன்னுமா மறக்கல?"

"எத்தன வருஷப் பழக்கம், சட்டுன்னு போயிடுமா? பொறுமை வேணும்னு நீங்கதானே சொல்லுவீங்க."

பெருமூச்சு விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார். தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் நான் தொலைக்காட்சியைப் போட்டேன். தொடரில் ஒரு கணவன் மனைவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை ஓடி வந்து என் எதிரே உட்கார்ந்தது. 'டிக்' என்று அமுக்கி, ஒரு துண்டு ஈரலைக் கொடுத்தேன், பட்டாணி அளவில்.